எழுதிக்க

முதல் பருவம், ஐந்தாம் தாள்,
உலகளாவிய நலவாழ்வு.
அதற்கு முன் மூன்று வருடம்
திருமங்கலத்தில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
ஒரே தெருவின் ஒரே சொத்தை
வேறு வேறு வாய்களில் வந்துகொண்டே இருந்தது.
அதனால்தான் இந்தப் படிப்பு என்று
நேர்முகத்தில் சொன்னேன்.
பாதி உண்மை.

திரையில் உலகப்படம்.
நீலம், வெளிர்நீலம், ஆரஞ்சு.
"போய்வர முப்பது நிமிடத்துக்குள் தண்ணீர் கிடைத்தால்
அடிப்படை வசதி உண்டு, நீலம்" என்றார் ஜெசிந்தா மேடம்.
நைஜர் எங்கே என்று கேட்டபோது
கையைத் தூக்கிக் காட்டினேன்.
செல்லூர் அறுபதடி ரோட்டுக்கு எந்த பஸ் என்பதைக்
களப்பணி அன்று கண்டக்டரிடம் கேட்டேன்.

விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே
கத்திக் கத்திக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது.
வீடு எண் பதினேழு. இருளாயி.
வயது நாற்பத்தஞ்சு இருக்கும் என்றாள், என்னையே கேட்பது போல.
துண்டு மடித்துக் கட்டும் வேலை.
கை நிற்கவில்லை, நான் ஒப்புதல் படிவம் வாசிக்கும்போதும்.
விருப்பமில்லையெனில் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்.
சந்தேகமிருந்தால் கீழ்க்கண்ட எண்ணில் அழைக்கலாம்.
கீழ்க்கண்ட எண் என்னுடையது.

குழாய்க்குப் போய்வர எத்தனை நிமிடம்?
"இந்தா இருக்கு."
நடந்து பார்த்தேன். பதினாலு எட்டு.
"எம்புட்டு நேரம்னா என்னத்தச் சொல்ல?
பன்னெண்டுக்கும் வரும், மூணுக்கும் வரும்,
வராமயும் போகும்.
கொடத்த வரிசையில வச்சுட்டு முழிச்சுக் கெடக்கணும்.
கண்ணசந்தா கொடம் தானா பின்னாடி போயிரும்.
நடக்க ரெண்டு நிமிசம் போட்டுக்க.
முழிச்சுக் கெடக்குறத
எந்தக் கட்டத்துல போடுவ?"

தாளாக இருந்தால் ஓரத்தில் எழுதியிருப்பேன்.
டேப்லெட்டுக்கு ஓரம் கிடையாது.
இருந்த ஒரே கட்டத்தில்
240 என்று போட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தரவுகளைச் சுத்தம் செய்தோம்.
அதற்குப் பெயரே அதுதான், சுத்தம்.
"பதினாலு எட்டு வைக்க நாலு மணி நேரமா,
என்ன ஆமையா?" என்று சிரித்தான் அல்போன்ஸ்.
விரல் தவறி ஒரு சுழியம் கூடியிருக்கும் என்றான்.
நல்லவன், மாதக் கடைசியில்
எனக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுப்பவன்.
சுழியத்தை எடுத்தான்.
இருபத்து நான்கு.
இருளாயி நீலமானாள்.

நான் வாயைத் திறப்பதற்குள்
அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள்.
இப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.
திறக்க நேரம் இருந்தது.

செமஸ்டரில் அதே கேள்வி வந்தது:
குறியீடுகளின் வரம்புகளை விவாதி.
நாலு பக்கம் எழுதினேன்,
அவள் பெயர் இல்லாமல்.
பதினைந்துக்குப் பதின்மூன்று.

அந்த வாரம்தான், விடிகாலை மூணே கால்,
போன் அடித்தது.
"தண்ணி வந்துருச்சு. எழுதிக்க."
பின்னால் பிளாஸ்டிக் குடம் நிறையும் சத்தம்,
யாரையோ யாரோ வையும் சத்தம்.
வைத்துவிட்டாள்.

ஒரு நாள் விட்டு,
"ரெண்டு அம்பது. எழுதிக்க."
பிறகொரு நாள் வெளிச்சம் வந்தபின்:
"நேத்து வரல. அதயும் எழுதிக்க."

எந்த ஆய்வுக்கு, எந்த மேடத்துக்கு என்று
அவள் கேட்கவில்லை.
முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை.
எந்நேரமும் விலகிக்கொள்ளலாம் என்று
அவளுக்குத்தான் வாசித்துக் காட்டினேன்,
எனக்கு யாரும் வாசிக்கவில்லை.

கிளினிக்கின் பழைய நோட்டு ஒன்று
பெட்டிக்கடியில் கிடந்தது.
தேதி, பெயர், எந்தப் பல், கட்டணம்
என்று கோடு போட்டது.
எந்தப் பல் என்ற இடத்தில்
மணியை எழுதுகிறேன்.
கட்டணம் காலி.

இன்று அவள் முறை.
நாலரை ஆகிறது.
இன்னும் அடிக்கவில்லை.