வரத்தும் போக்கும்

பதினேழாம் கட்டில் பலவேசம்
கோடகன் கால்வாய் லஸ்கர்,
மதகு திறந்து அடைக்கிற உத்தியோகம்.
நேற்று மதியத்திலிருந்து
ஒரு சொட்டு இறங்கவில்லை.
இரவு ஹைகிரவுண்டுக்குக் கொண்டுவந்தபோது
வேட்டி நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

திரையை இழுத்தேன்.
கையுறை, ஜெல்லி, பதினாறாம் நம்பர் குழாய்.
"மூச்ச இழுத்து விடுங்க அண்ணாச்சி."
அவர் மின்விசிறியைப் பார்த்தார்
நான் குழாயைப் பார்த்தேன்
வெட்கம் திரைக்கு வெளியே நின்றது.

பிறகு பைக்குள் அந்தச் சத்தம்.
ஐநூறு தாண்டியதும் கிளிப்பை இறுக்கினேன்.
"ஒரேயடியா தெறந்தா கரை அரிச்சிரும்லா,
எனக்குத் தெரியாதா"
என்றார், கண்ணோரம் ஈரத்தோடு.

பை கட்டிலுக்குக் கீழே, தரையில் படாமல்.
மணிக்கொரு தடவை தலையைச் சரித்துப் பார்த்து
அவரே சொல்லிவிடுவார்:
"வரத்து அறுவது. கலங்கல் இல்ல சிஸ்டர்."
நானும் ஒருமுறை குனிந்து பார்த்து
எழுதிக்கொள்வேன்.

இருபத்திரண்டு கட்டில்.
குடித்தது, ஏற்றியது, போனது,
எல்லாவற்றுக்கும் அட்டையில் கட்டம் உண்டு.
எங்கள் கழிப்பறைச் சாவி
ஸ்டெல்லாவின் கைப்பைக்குள் கிடந்து
எட்டு மணி பஸ்ஸில் முக்கூடல் போய்விட்டது.
எரிச்சல் போன மாதமே ஒருதரம் வந்து
மாத்திரைக்கு அடங்கியிருந்தது.
பாட்டில் தண்ணீரைத்
திறக்காமலே வைத்திருந்தேன்.

வெளுக்கிற நேரம் பலவேசம் கேட்டார்:
"ராத்திரி பூரா நிக்கியளே,
நீங்க எங்கயும் எந்திரிச்சுப் போகலியே?"

அட்டையில் நேரம் மட்டும் எழுதினேன்.
ஐந்து நாற்பது.
முழங்கால்கள் ஒன்றையொன்று
நெருக்கிக்கொண்டு நின்றன.