கழிவு போக

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில்
விடிகாலை நாலரைக்கு,
சாரலில் நனைந்த தார்ப்பாயை உதறி
லோடு இறக்கிக்கொண்டிருக்கும்போது
முதல்முறை அசைந்தாய்.

கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.
சுரண்டை வண்டி, கத்தரி, பதினேழு மூட்டை.
பதினெட்டு என்று எழுதிவிட்டேன்.
ஞானதிரவியம் அண்ணாச்சி
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"என்ன தாயி, தூக்கமா?"
ஒண்ணு கூடிப்போச்சு அண்ணாச்சி, என்றேன்.
பொய்யில்லை.

மீன் துள்ளும் என்றார்கள். துள்ளவில்லை.
வாய் கட்டிய சாக்குக்குள்
ஒரு கிழங்கு தானாக இடம் மாறி உட்காருமே,
அப்படித்தான் இருந்தது.

மூணு மாசம் மல்லிக்கட்டு இறங்கினாலே
ரோட்டுக்கு ஓடியவள்
இப்போது தராசில் கிடக்கிற கேரட்டைக் கடிக்கிறேன்.
மாங்காய் வந்தால் ஊமைத்துரை
கேட்காமலே ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போகிறான்.
மூக்கடைப்பு. ஈறில் ரத்தம்.
ராத்திரி ரெண்டு மணிக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்.
சிவனணைந்தான் அந்நேரம்
தக்காளியோடு புளியரை செக்போஸ்ட் வரிசையில் நிற்பான்.
"பெருவிரலை உன் பக்கமா இழு" என்பான் போனில்.
நர்ஸ் என்னிடம் சொன்னதை
அவன்தான் மறக்காமல் வைத்திருக்கிறான்.

ஸ்கேனில் முந்நூற்றைம்பது கிராம் என்றார்கள்.
மறுநாள் ஆள் வருமுன்னே
தராசில் சின்ன வெங்காயம் அள்ளிப் போட்டேன்.
இருநூற்றெண்பது.
முந்நூற்றுப் பத்து.
முந்நூற்றைம்பது வந்ததும்
ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன்,
சருகு உதிர உதிர.
இவ்வளவுதானா.
இவ்வளவா.

மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவு இங்கே.
மண், ஈரம், அழுகல் என்று
எந்த எடையையும் கழித்துத்தான் எழுதுவோம்.
ஒன்பது வருஷமாய்ப் பழகிய கை.
உன்னைக் கழிக்காமல் எழுதினேன்,
பில் புக்கின் பின்னட்டையில்.

எஸ்தர் சிஸ்டர் திரையை இழுத்துவிட்டு
மாரைப் பார்த்தார்.
வலது சரி. இடது காம்பு உள்வாங்கியிருக்கு.
"பயப்படாத முப்புடாதி.
பிள்ளை காம்பை மட்டுமா சப்பும்?
கருவட்டத்தோட சேத்துல்லா கவ்வும்.
இப்பவே ஒண்ணையும் பிடிச்சு இழுக்காத,
சோப்புப் போட்டுத் தேய்க்காத.
சீம்பால் கொஞ்சமாத்தான் வரும். போதும்.
உங்க கடைச் சின்ன வெங்காயம் அளவுதான்
பிள்ளை வயிறு."

துணிப்பொம்மை ஒன்றை என் கக்கத்தில் இடுக்கி
தாடை முதலில் படணும், மூக்குக்கு நேர் காம்பு
என்று திருப்பித் திருப்பிக் காட்டினார்.
பொம்மைக்கு ஒரு கண் இல்லை.
இருந்த கண்ணால் என்னையே பார்த்தது.

வெங்காயம் தரம் பிரிக்கிற பேச்சித்தாயிடம் சொன்னேன்.
கையை நிறுத்தாமல் சொன்னாள்:
"என் மூத்தவன் ஒரு பக்கந்தான் குடிச்சான்.
இப்ப போலீஸ்ல இருக்கான். தொந்தியப் பாத்தியா?"

சாக்கு அறைக்குக் கதவு உண்டு, கொண்டி இல்லை.
ஒரு கொண்டி, ஒரு பேன், ஒரு ஸ்டூல்.
மூணாம் மாசம் பிள்ளையோட வந்திருவேன்
என்றேன் அண்ணாச்சியிடம்.
"பிள்ளை பிறக்கட்டும், பாப்போம்."
கொண்டி மாட்ட பிள்ளை எதுக்கு அண்ணாச்சி?
அவர் பாகற்காய் ஏலத்துக்கு எழுந்து போனார்.

பதினோரு நாள் பார்த்தேன்.
பஸ் ஸ்டாண்டு பக்கம் இரும்புக் கடையில் நானே வாங்கினேன்,
நாற்பத்தைந்து ரூபாய், நாலு திருகாணியோடு.
ஊமைத்துரை வெளிப்பக்கம் வைத்து முடுக்கிவிட்டான்.
உள்பக்கம் வே, உள்பக்கம், என்று கத்தினேன்.
நீயும் ஒரு உதை விட்டாய்.
கழற்றி மாட்டினான்.

உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தேன்.
சணல் வாசம். இருட்டு.
வெளியே வெண்டைக்காய் ஏலம் ஏறிக்கொண்டிருந்தது.
செத்த நேரம் சாக்கு மேல் உட்கார்ந்திருந்தேன்,
இடது கையை மடக்கி,
பொம்மையில்லாமல்.

கொண்டி ஒன்று, நாற்பத்தைந்து
என்று கடைச் செலவில் எழுதியிருக்கிறேன்.
அண்ணாச்சி இன்னும்
அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.