நோட்டின் பின்பக்கம்

பேனா அளவுதான் இருக்கிறது.
மூடியைக் கழற்றி நீரில் முக்கினால்
எண் ஓடும், தடுமாறும், ஒன்றில் நிற்கும்.
இன்று காலை போர் தண்ணீர் 4.1.
சித்திரையில் 3.6.
பால் கணக்கு எழுதித் தீராத நோட்டில்
பின்பக்கத்திலிருந்து எழுதிவருகிறேன்.

மணற்கரம்பைக்கு மூன்று பக்கமும் ஆறு.
ஓதம் ஏறும்போது மேற்கே ஓடுவதையும்
ஆறு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.
நான்காவது பக்கம் இறால் குட்டை.
நடுவே ஆறு மா.
என் தீவு.
பட்டா கோயில் பெயரில்,
சீட்டு செத்துப்போன என் மாமனார் பெயரில்,
சேறு என் காலில்.

மேட்டூரில் கதவு திறந்து பூத்தூவுவதை
அன்றைக்கே செல்போனில் பார்த்துவிடுகிறோம்.
தண்ணீர் வந்துசேர ஆடி பாதி போய்விடும்.
சில வருடம் வீடியோ மட்டும்தான் வரும்.
முறைப்பாசனம் தவறாமல் நடப்பது
கடலிடம் மட்டும்:
நாளைக்கு இரண்டு தரம்.

போன கார்த்திகையில் ஷட்டர் பலகை உடைந்தது.
சித்ரவேலும் நானும்
அவர் இரண்டாவது மகளும்
மணல்மூட்டை அடுக்கினோம், விடிய விடிய.
விடிந்தபோது
மூட்டைக்கு இந்தப் பக்கமும் அதே தண்ணீர்.
மூன்று நாள் நின்றது.
பொன்னியின் நுனி தீய்ந்தது,
யாரோ தீக்குச்சி கிழித்து
ஒவ்வொன்றாக வைத்ததுபோல.

பள்ளத்தில் இரண்டு மா மட்டும் நின்றது.
குழிவெடிச்சான்.
பழைய நெல் என்பதற்காக விதைக்கவில்லை,
விதை மிச்சமிருந்தது, விதைத்தேன்.
மில்லில் அதற்கு விலை இல்லை.
சோறு தடிப்பு, மகன் முகம் சுளிக்கிறான்.
சுளிக்கட்டும்.
இந்த வருடம் நாலு மாவிலும் அதுதான்.

மீதி இரண்டில் ஒன்றை வெட்டிக் குளமாக்கினேன்.
விளைகிற நிலத்தைத் தோண்டுகிறாளே என்று
சைக்கிளை நிறுத்திக் கேட்டுப்போனார்கள்.
மழைநீர் உப்புநீரோடு சட்டென்று கலக்காது,
மேலே படுத்துக்கொள்ளும்.
முதல் மழையை வடியவிட வேண்டும்,
அது வயலைக் கழுவும்.
இரண்டாவதைப் பிடித்துவைக்க வேண்டும்.
எது இரண்டாவது என்று
மழை சொல்லிவிட்டு வருவதில்லை.
ஐப்பசியில் பெய்ய வேண்டியது
ஒரே ராத்திரியில் பெய்துவிட்டுப் போகிறது.

இன்னொரு மாவில் தக்கைப்பூண்டு.
மடக்கி உழுதால் மண் கொஞ்சம் மூச்சு விடும்.

தலைஞாயிறில் பயிற்சி வைத்தார்கள்.
மீட்டர் அங்கே கொடுத்ததுதான்.
டீயும் வடையும் உண்டு,
திரையில் படங்கள் உண்டு.
தகவமைப்பு, தகவமைப்பு என்றார் அந்தப் பிள்ளை,
நல்ல பிள்ளை, வியர்த்து வழிந்தது.
நான் எழுந்து கேட்டேன்:
நெல்லை மாற்றிவிட்டேன்,
நட்ட மாதத்தை மாற்றிவிட்டேன்,
நிலத்தில் ஒரு துண்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டேன்.
மாவுக்கு இரண்டு மூட்டை குத்தகை
எப்போது தகவமையும்?
குளத்துக்கும் சேர்த்துத்தானே கேட்கிறார்கள்?

மின்விசிறிச் சத்தம் கேட்டது.
அது வேறு துறை, என்றார்.
யாரோ சிரித்தார்கள்.
குறித்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.
பேனாவைத் தேடினார்.
மீட்டரை நீட்டிவிட்டேன்,
அவசரத்தில்.

இந்தக் கருவி வருவதற்கு முன்
நாக்கில் தொட்டுத்தான் பார்ப்பேன்.
நாக்கு நேர்மையானது என்று நினைத்திருந்தேன்.

நேற்று சாயங்காலம்
வீட்டு அடிபம்பில் முக்கிப் பார்த்தேன்.
2.3.
வயலுக்கு விடவே யோசிக்கிற எண்.
மகன் அகிலன் பந்து விளையாடிவிட்டு வந்தான்,
கைகுவித்து, கண்மூடி,
மூச்சு முட்டக் குடித்தான்.
எப்படியிருக்கு என்றேன்.
நல்லாத்தான் இருக்கு, இனிப்பா, என்றான்.
பதினோரு வருடமாக
அவன் குடிப்பது இதைத்தான்.

நோட்டைத் திறந்தேன்.
தேதி, இடம், எண் என்று மூன்று கட்டம்.
நான்காவதாக ஒரு கோடு இழுத்து
மேலே எழுதினேன்: நாக்கு.
கீழே, அவன் சொன்னபடியே:
இனிப்பு.