நானூறு கிராம்

பரஞ்சோதியின் லோரி கொண்டுவந்து கொட்டியது
பழைய மானேஜர் பங்களாவின் காகிதம் முழுவதையும்.
ரசீதுகள், உரக் கணக்கு, நனைந்து வீங்கிய டெலிபோன் புத்தகம்,
அடியில் இது:
அமெரிக்காவின் சரித்திரம், ஏ முதல் இஸட் வரை,
பக்கத்துக்கு ஓர் எழுத்து, எழுத்துக்கு ஒரு படம்.

தராசில் நானூறு கிராம்.
கிலோ முப்பது சென். பன்னிரண்டு ஆகிறது.
"ஒரு சென் காசு இப்போ எங்கே இருக்கு, பத்து போடு" என்றார் தவுக்கே.
தே ஓ கிளாஸில் ஒரு வாய்க்கும் காணாத விலைக்கு
அமெரிக்கா என் கைக்கு வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அட்டைப்பெட்டி அடுக்கின் மேல் உட்கார்ந்து
விரல்களைச் சட்டையில் துடைத்துவிட்டுத் திறந்தேன்.
அச்சுக்காரனுக்குக் கை நடுங்கியிருக்க வேண்டும்.
சிவப்பு ஒரு நூல் விலகி விழுந்ததில்
ஒவ்வொரு சிப்பாயும் தன் சட்டைக்குச் சற்று வெளியே நிற்கிறான்.
அந்த நீலம் இருக்கிறதே,
வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம்
வாளித் தண்ணீரில் கரையத் தொடங்கும் முதல் நொடி.

எழுத்து வரிசையில் போனால் காலம் தடுமாறுகிறது.
ஆரில் ரயில் ஓடிவிடுகிறது,
எஸ்ஸில்தான் கப்பல் கரை சேர்கிறது.
டீ என்ற எழுத்துக்கு டீயே.
பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டுகிறார்கள்,
யார் கிள்ளிய கொழுந்தோ.
வீயில் வெற்றி, வாணவேடிக்கை.
அடுத்த பக்கம், டபிள்யூவில், போர்.

சீ என்ற எழுத்துக்குப் பருத்தி.
குனிந்த முதுகுகள் பதினொன்று, எண்ணினேன்,
ஒன்றுக்கும் முகமில்லை.
குதிரைமேல் இருப்பவனுக்கு மட்டும்
மீசை முடி தனித்தனியாக.
எங்கள் பெரட்டுக் களத்தில் குதிரை கிடையாது, ஹோண்டா கப்தான்.
மற்றபடி படம் சரி.

பிறகு ஐ.
ஐ, இந்தியன் என்று இருந்தது.
பாரத்தில் இனம் கேட்கும் கட்டத்தில் நான் எழுதும் அதே சொல்.
அட, நம்மைப் போட்டிருக்கிறார்களே என்று குனிந்தால்
ஆற்றோரம் ஒருவன், தலையில் இறகு, கழுத்தில் ஒற்றை நீலமணி.
எங்களுக்கு எழுதிய கடிதம்
விலாசம் மாறி இவன் வீட்டில் விழுந்திருக்கிறது.
எங்களுக்கும் பிறகு வந்து சேர்ந்தது, அது வேறு கதை.

எக்ஸுக்கு என்ன செய்வான் வரைந்தவன் என்று
முதல் பக்கத்திலிருந்தே எனக்கு ஆவல்.
சரித்திரத்தில் எக்ஸில் தொடங்குவது என்ன இருக்கிறது?
மேசை. மைக்கூடு. மூன்று சிப்பாய்கள். ஓர் அதிகாரி.
குனிந்து பெருக்கல் குறி போடுகிறான் ஒருவன்,
கையெழுத்துக்குப் பதிலாக.
கீழே அச்சடித்த வரி, சமாதானம் என்கிறது.
இறகு இல்லை. முடியில் நரை.
ஆனால் அந்த மூக்கு, இடது புருவத்தின் அந்த வெட்டு,
ஐயில் நின்றவனேதான்!
பதினைந்து எழுத்து நடந்து வந்திருக்கிறான்.
கழுத்தில் நீலமணி காணோம்.
தேடினேன்.
அதிகாரியின் கடிகாரச் சங்கிலியில் தொங்குகிறது,
மிளகளவு.

வரிகளை எழுதியவன் இதைச் சொல்லவில்லை.
வரைந்தவன், அட்டையில் பெயர்கூட இல்லாதவன்,
கூலி வாங்கிக்கொண்டு கேட்டதையெல்லாம் வரைந்து
கேட்காததை ஒரு மிளகுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
அந்தத் துளியில் மட்டும்
நீலம் அச்சுப் பிசகாமல் விழுந்திருக்கிறது.

சனிக்கிழமை. சம்பளப் புத்தகம் வருகிறது.
முனாப் கட்டைவிரலை மையில் ஒற்றி
என் பெயருக்கு மேல் வரியில் அழுத்திவிட்டு
மிச்ச மையைத் தலைமுடியில் துடைக்கிறான்.
"என்ன புக்கு, அக்கா?"
எம் பக்கத்தைத் திருப்பி வைத்தேன். மிசிசிப்பி.
நடு ஆற்றில் பூச்சி துளைத்த ஓட்டை கியூ வரை இறங்குகிறது.
வெகுநேரம் பார்த்தான்.

படகு தப்பு என்றான்.
இவ்வளவு தண்ணீர் வரும்போது
துடுப்பை யாரும் இப்படிப் பிடிக்கமாட்டார்களாம்.