அரை வாளி

சபோங் ஊர் அலுவலகச் சுவரில்
வெளிறிப்போன சின்னத்தைப் புதுப்பிக்கக் கூப்பிட்டார்கள்.
விடுதலை நாளுக்கு இன்னும் நான்கு நாள்.

வரிக்குதிரை இரண்டும் சுலபம்.
கறுப்பும் வெள்ளையும் தனித்தனி டப்பா;
கொடியிலும் அப்படித்தான், பக்கம் பக்கமாய்,
ஒன்றில் ஒன்று கரையாமல்.
ஒரு குதிரை தந்தம் பிடித்திருக்கிறது,
மற்றது சோளக்கதிர்.
பிடித்த நாள்முதல் ஒரு மணிகூடக் கடிக்கவில்லை.
என் ஆடுகளிடம் கொடுத்துப் பார்க்கட்டும்.

கேடயத்தில் மேலே மூன்று பற்சக்கரம்.
மகன் ஜ்வானெங் சுரங்கத்தில்;
அவற்றுக்கு மட்டும் இரண்டு பூச்சு.
அடியில் காளை.
தலை மட்டும். நல்லவேளை,
விலா எலும்பு வரைய வேண்டியதில்லை.
ஜூலையில் நான் புதைக்காமல் விட்டுவந்த மூன்றுக்கும்
கொம்பு இதே வளைவு.

நடுவில் நீல அலைகள்.
பொடி நீலம், கரைத்தாக வேண்டும்.
தண்ணீர் வரையத் தண்ணீர் கேட்டேன்.
எழுத்தர் மோஸ்வேயு வாளியைச் சாய்த்துக் காட்டினார்:
"இதில்தான் மத்தியானத் தேநீரும்."
முதல் அலை அழுத்தமாய் வந்தது,
இரண்டாவது சுமார்.
மூன்றாவதைத்
தூரத்திலிருந்து பார்த்தால் அலை என்று சொல்லலாம்.

கீழே பட்டையில் ஒரே சொல்: புலா.
எங்கள் பேச்சில் அது மழை.
காசுக்கும் அதே பெயர்தான்.
கூலி முந்நூறு புலா, எண்ணிக் கொடுத்தார்.
முந்நூறு மழை.
மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். நனையவில்லை.

விழாவில் ஊர்த்தலைவர் பேசி முடித்து "புலா!" என்றதும்
கூட்டம் முழுக்க "புலா!"
நானும் கத்தினேன், தொண்டை வறள.
சுவர்ப் பக்கம் யாரும் திரும்பவில்லை.
எல்லாரும் மேலே பார்த்தார்கள்.
அங்கே கொடி இருந்தது,
அதற்குப் பின்னால் அதே நீலம்,
எங்கே துணி முடிகிறது என்று தெரியாமல்.