இடம் மாற்றம்

என் பெயரைச் சொல்லித்தான்
இறுதி ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.
என்னை யாரும் கேட்கவில்லை.

நொச்சிமேட்டு ஊர்க்கூட்டக் குறிப்பேட்டில்
பச்சை மையில் ஏழாவது தீர்மானம்:
சாதி விட்டுக் கட்டியவர் எவரும்
பொது மைதானத்தில் இறங்கலாகாது.
ஆறாவது, தண்ணீர்த் தொட்டிக்குப் புது மோட்டார்.
எட்டாவது, மாரியம்மன் தேருக்குப் புது வடம்.
நடுவில் நான்,
பெயரில்லாமல், ஒரு வரியில்.

லீக் செயலாளர் கோதண்டம் சார்
முத்திரை வைத்துப் பதில் எழுதினார்:
"எங்கள் ஆட்டக்காரி இறங்க முடியாத மண்ணில்
எங்கள் பந்து விழாது."
நல்ல வரி.
பாலக்கோடு முழுக்க வாட்ஸப்பில் சுற்றியது.
மூன்று நாள் நானே
எடுத்து எடுத்துப் படித்தேன்.
நாலாம் நாள் தக்காளி மண்டியில்
பெட்டி ஏற்றும்போது சிவகாமி அக்கா சொன்னாள்:
"உன்னால எனக்கு எவ்ளோ நட்டம் தெரியுமாடி?"
ஆட்டத்தன்று போண்டா போட
முப்பது கிலோ கடலை மாவு
கடனில் வாங்கி வைத்திருந்தாள்.
தெரியாது என்றேன்.
தெரியும்.

ஃப்ளெக்ஸில் நொச்சிமேடு என்ற இடத்தின் மேல்
காவேரிப்பட்டணம் ஒட்டினார்கள்.
நீளமான பெயர்.
ஓரம் என் முழங்கைவரை ஏறிவிட்டது.
படத்தில் நான் பர்கத்துக்குப் பந்து எடுத்துக் கொடுக்கிறேன்,
கையில்லாமல்.

மாதப்பன் அண்ணன் அதற்குள்
சுண்ணாம்புக் கோடு போட ஆரம்பித்திருந்தார்.
பதினெட்டுக்கு ஒன்பது,
கயிறு பிடித்து இழுத்தது.
ஆட்டம் இல்லையென்று சேதி வந்த பிறகும்
அரைகுறையாய் விட மனசில்லாமல்
நடுக்கோட்டையும் போட்டுவிட்டுத்தான்
வாளியைக் கழுவினாராம்.
ஏழாவது தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில்
அவரும் ஒருவர்.
இதை எங்கே வைப்பதென்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை டெம்போவில் போனோம்.
காற்றெல்லாம் மாங்கூழ் வாசனை.
தெரியாத பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.
மைக்கில் என் பெயரோடு
துணிச்சல் என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள்.
அப்போது எனக்கு வலது சுண்டுவிரல் வீங்கியிருந்தது,
அதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
ஐந்தாவது செட்டில் ஜெயித்தோம்.
கோப்பை, ஃபோட்டோ, பொட்டலத்தில் தக்காளி சாதம்.
எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஆட்டப் பந்தை
என்னிடமே கொடுத்தார் சார்.
கண் கலங்கியிருந்தார்,
பொய்யில்லை.

ஆட்டத்தை இடம் மாற்றலாம் சார்.
வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு.
மாதேஷுக்கு இங்கேதான் சர்க்கரை ஆலையில் வேலை.
ரேஷன் கார்டில் இன்னும் என் பெயர் ஏறவில்லை,
அதற்கும் இந்த ஊரில்தான் நிற்க வேண்டும்.

பத்தரை மணிக்கு டெம்போ முக்கில் இறக்கிவிட்டது.
மைதானத்தைத் தாண்டித்தான் வீடு.
மழை வராததால்
கோடுகள் அப்படியே வெள்ளையாய்க் கிடந்தன,
யாரும் மிதிக்காமல்,
ஒரு நாய்கூட.
மாதேஷ் "வா" என்றான்.
நான் பையைத் திறந்தேன்.

சர்வீஸ் போடுகிறவள்
கோட்டை மிதித்தால் தப்பு.
வெளியே நின்று
பந்தை மட்டும் உள்ளே அனுப்ப வேண்டும்.
இந்த விதியை
யாரும் பச்சை மையில் எழுதவில்லை,
பள்ளிக்கூடத்திலேயே தெரியும்.

தூக்கிப் போட்டு அடித்தேன்.
வீங்கின விரல் சுரீரென்றது.
வலை இல்லாத இருட்டைத் தாண்டி
அந்தப் பக்கத்து மூலையில் விழுந்தது,
சுண்ணாம்பு லேசாய்ப் புகைந்தது.
உள்ளேதான்.
நான் இறங்கவில்லை.

மாதேஷ் சிரித்தான்.
பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப்
பந்து கிடந்த பக்கம் பார்த்தான்.

இனி அதை எடுக்க வேண்டும்.