சோற்றுக்கைக்கு ஓர் உறை

மான்ஹைம் நடுநகரில் பாதித் தெருக்களுக்குப் பெயர் கிடையாது.
எழுத்தும் எண்ணும்தான்.
எம் நான்கு, எம் ஐந்து என்று
குதிரை நகர்த்துவது போல வளைந்து வளைந்து
சேணக் கடையைத் தேடிப் போனேன்.
பையில் மடங்கிக் கிடந்தது
பேஸ்பால் கையுறை.

நெக்கார் ஓரச் சந்தையில் பன்னிரண்டு யூரோ.
இடக்கைக்காரர்களுக்கானது என்பதால்
ஏழு மாதமாய் விலைபோகவில்லையாம்.
நான் பீச்சாங்கையால் எறிகிறவள்.
உறை போவது
சோற்றுக்கைக்கு.

பிழைப்பே எனக்கு எண்ணெயில்தான்.
மசகெண்ணெய் ஆய்வகம்.
நாற்பது டிகிரியில், நூறு டிகிரியில்
எத்தனை நொடியில் இறங்குகிறது என்று
கண்ணாடிக் குழாயைப் பார்த்துக் குறிப்பவள்.
அப்படிப்பட்டவளுக்கு
ஒரு கையுறைக்கு எண்ணெய் தேர
மூன்று வாரம்.

தேங்காயெண்ணெய், அக்டோபர் வந்தாலே
புட்டிக்குள் வெள்ளைக் கல்.
ஆலிவ் கோடை முடிவதற்குள் காறிப்போகும்.
ஆளிவிதை காய்ந்து பலகையாகும்,
ஓவியனுக்கு ஆகும், பந்துக்கு ஆகாது.
நல்லெண்ணெய் நல்லது என்பதற்கு
அதன் பெயரைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.
விளக்கெண்ணெய் என்று முணுமுணுத்தபோது
என்னை நானே திட்டிக்கொண்டது போலிருந்தது.
ஷேவிங் நுரை போதும் என்றாள் யுட்டா.
பந்து வீசுவதில் மட்டும்
அவளை நம்பலாம்.

கடையில் மிலேனா தோலை மடக்கினாள், முகர்ந்தாள்,
நகத்தால் ஒரு கோடு கீறி
அது மறைகிறதா என்று காத்திருந்தாள்.
பழுப்புப் புட்டி ஒன்றை நகர்த்தினாள்.
மாட்டின் குளம்பெலும்பைக் காய்ச்சி எடுத்தது.
"குளிரில் உறையாது. ஆனால் கொஞ்சமாக.
ஊறிவிட்டால் கையுறை இல்லை, கந்தல்."

உறைபனியில் நிற்கும் காலுக்கு
உறையாத கொழுப்பு வேண்டும் என்பதை
ஆய்வகம் எதுவுமில்லாமல்
மாடு எப்போதோ தேர்ந்துவிட்டிருக்கிறது.

பழைய டி-ஷர்ட்டின் மூலையில் மூன்று துளி.
உள்ளங்கை, விரல்கள், பின்னிய வார்.
மணிக்கட்டுப் பட்டைக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.
பேனாவை அழுத்தி எழுதிய பெயர்: டெலானி.
மூடிப்போன அமெரிக்கப் படைமுகாமில்
யாரோ ஓர் இடக்கைக்காரன்.
எண்ணெய் பட்டால் மை கசியும்.
படாவிட்டால் பட்டை வெடிக்கும்.
இரண்டுக்கும் நடுவில்
எந்தக் கடையிலும் எதுவும் விற்பதில்லை.

பெயரைத் தொடாமல் சுற்றிலும் தடவி வைத்தேன்.
எண்ணெய் தானாக ஊர்ந்தது,
அறை வெப்பத்தில், நாள்கணக்கில்.
செவ்வாயன்று முதலெழுத்தைத் தொட்டது.
வெள்ளியன்று கடைசி எழுத்தின் வால்
நீலப் புகையாகியிருந்தது.
இரண்டையும் குறித்து வைத்தேன், பழக்கதோஷம்.

ஞாயிறு, மழைக்கு முன்
யுட்டாவின் பந்து வந்து விழுந்தது.
கதவு சாத்தும் சத்தம்.
உறை அதைத் திருப்பித் தரவில்லை.

இரவில் ரசஞ்சாதம் பிசைகையில்
விரலிடுக்கில் மாட்டு வாசம்.
எழுந்துபோய்க் கழுவினேன்.
இன்னும் கொஞ்சம் இருந்தது.
சாப்பிட்டேன்.